ஹூஸ்டன் புயல் வெள்ளம்: வாடகைக்கு இருப்பவர்களுக்கும் வீடு வாங்கியவர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

2017 ஆகஸ்ட் 27, ஞாயிறு விடியற்காலை. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. கீழ்த்தளக் குளியல் தொட்டியின் வடிகால் ஓட்டையிலிருந்து குமிழ்விட்டுக்கொண்டு வந்தது. வாசற்படியில் மணல் மூட்டை அடுக்கிவிட்டு நிம்மதியாகப் படுத்தவன் நான். எழுந்து காலைக் கீழே வைத்தால் கார்ப்பெட் சதக்கென்றது.

எங்களை மூழ்கடித்த ஹார்வி புயல் அந்த நேரத்தில் 'ஹரிக்கேன்' என்ற கடும் சூறாவளி நிலையில்கூட இல்லை. வெள்ளிக்கிழமை இரவு ராக்போர்ட் அருகே நான்காம் வகைப் புயலாகக் கரையேறி, மறுநாளே வலுவிழந்து 'டிராப்பிகல் ஸ்டார்ம்' ஆகிவிட்டிருந்தது. நகராமல் நின்று கொட்டிய அந்த வலுவிழந்த புயல்தான் ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் 1,50,000-க்கும் அதிகமான வீடுகளை நனைத்தது. 2001 ஜூனில் வந்த ஆலிசன் புயலும் ஹரிக்கேன் நிலையை எட்டவே இல்லை. டெக்சஸ் மெடிக்கல் சென்டரின் அடித்தளங்களை நிரப்பியது அதுதான். டிவியில் காட்டும் 1 முதல் 5 வரையிலான வகை எண் காற்றின் வேகத்தை மட்டுமே சொல்லும். எத்தனை அங்குலம் மழை, எத்தனை நாள் நிற்கும், உங்கள் தெரு எவ்வளவு தாங்கும் என்பதெல்லாம் அதில் கிடையாது. இங்கே பெரும்பாலும் தண்ணீரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஜன்னலுக்குப் பலகை அடிப்பது வேறு கதை.

முதல் வேலை: உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எந்த வழியாக வரும்?

ஹூஸ்டன் தட்டை நிலம். மழைநீர் பயூக்கள் என்று சொல்லும் மந்தமான ஓடைகள் வழியாகத்தான் கால்வெஸ்டன் விரிகுடாவுக்குப் போய்ச் சேரவேண்டும். தெருக்களே இங்கே இரண்டாவது வடிகால். நிலத்தடிக் குழாய் நிரம்பினால் தண்ணீர் தெருவில் நிற்கட்டும், வீட்டுக்குள் போகவேண்டாம் என்ற கணக்கில்தான் அவற்றை அமைத்திருக்கிறார்கள். ஆகவே தெருவில் தண்ணீர் நிற்பதைப் பார்த்ததும் பதற வேண்டியதில்லை. அது எந்த வேகத்தில் ஏறுகிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

பயூ கரை மீறுவது ஒரு வழி. பயூவே அருகில் இல்லாவிட்டாலும் மழை வடிய இடமில்லாமல் தெருவில் ஏறுவது இன்னொரு வழி. கிளியர் லேக் பக்கம், விரிகுடாவை ஒட்டி இருப்பவர்களுக்குக் கடல்நீர் தள்ளிக்கொண்டு வரும் 'ஸ்டார்ம் சர்ஜ்' அபாயம் உண்டு. நான்காவது வழி நம் ஆட்களில் நிறையப் பேருக்குத் தெரியாமல் இருந்தது. நகரின் மேற்கே கேட்டி, எனர்ஜி காரிடார் பக்கம் வீடு வாங்கியவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவேண்டும்.

1929, 1935 வெள்ளங்களுக்குப் பிறகு, நகர மையத்தைக் காப்பாற்றுவதற்காக ராணுவப் பொறியாளர் படை 1940-களில் ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு நீர்த்தேக்கங்களைக் கட்டியது. நம் கண்ணுக்கு அவை ஏரி மாதிரித் தெரியாது. சாதாரண நாளில் உள்ளே பூங்காவும் புல்வெளியும் விளையாட்டு மைதானமும்தான். முழுக்க நிரம்பினால் தண்ணீர் எதுவரை பரவுமோ அதுவரை அரசு நிலத்தை வாங்கி வைக்கவில்லை. மிச்ச நிலத்தில் பின்னாளில் குடியிருப்புகள் எழுந்தன. ஹார்வியில் அந்த வீடுகளுக்குள் நீர்த்தேக்கம் பின்பக்கமாக ஏறி வந்தது. ஆகஸ்ட் 28 அதிகாலையில் மதகுகளைத் திறந்ததும், கீழ்ப்பக்கம் பஃபலோ பயூ ஓரத்தில் மழைக்குத் தப்பியிருந்த வீடுகளும் மூழ்கின. மழை விட்டு வெயில் வந்த பிறகும் சில தெருக்களில் ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீர் வடியவில்லை.

மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமாவின் வெள்ள வரைபடத்தில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள். பார்த்துவிட்டு, அதை அப்படியே நம்பாமலும் இருங்கள். 'நூறாண்டு வெள்ளம்' என்றால் நூறு வருஷத்துக்கு ஒருமுறை என்று பொருளல்ல. ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு. 30 வருட வீட்டுக்கடன் காலத்துக்குக் கணக்குப் போட்டால் அது 26 சதவீதம். ஹார்வியில் நனைந்த வீடுகளில் ஏறக்குறைய பாதி, நூறாண்டு எல்லைக்கும் ஐந்நூறாண்டு எல்லைக்கும் வெளியே இருந்தவை.

வரைபடத்தைவிட நல்ல ஆதாரம், தெருவில் இருபது வருஷமாக இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர். "ஆலிசனில் எங்கே நின்றது, ஹார்வியில் எங்கே நின்றது?" என்று கேளுங்கள். கேரேஜ் சுவரைத் தொட்டுக் காட்டுவார். வாடகைக்குப் போகிறவர்களுக்கு 2022 முதல் டெக்சஸ் சட்டமே துணை: கடந்த 5 ஆண்டில் அந்த வீடு வெள்ளத்தில் நனைந்திருந்தால் வீட்டு உரிமையாளர் எழுத்தில் சொல்லியாக வேண்டும். கையெழுத்துப் போடுமுன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அபார்ட்மென்டில் கீழ்த்தளம் மாதம் ஐம்பது டாலர் குறைவு என்றால், அது ஏன் குறைவு என்று ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.

காப்பீடு: இதற்கு மட்டும் கெடு உண்டு

வீட்டுக் காப்பீடோ வாடகைதாரர் காப்பீடோ வெள்ளத்துக்குத் தராது. கூரை பிய்ந்து மழை உள்ளே வந்தால் அது வீட்டுக் காப்பீடு. தரை வழியாகத் தண்ணீர் ஏறினால் வெள்ளக் காப்பீடு. இரண்டும் தனித்தனிப் பாலிசி. மத்திய அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் வீட்டுக் கட்டடத்துக்கு 2,50,000 டாலர் வரை, உள்ளிருக்கும் பொருட்களுக்கு 1,00,000 டாலர் வரை எடுக்கலாம். பொருட்களுக்கான பகுதியைத் தனியாகக் கேட்டு வாங்கவேண்டும். பலர் இதைக் கோட்டைவிடுகிறார்கள். வாடகைதாரர் பொருட்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வீடு நனைந்து ஹோட்டலில் தங்கும் செலவை இந்தத் திட்டம் தராது.

எடுத்த நாளிலிருந்து பாலிசி அமலுக்கு வர பொதுவாக 30 நாள் ஆகும். புது வீடு வாங்கும்போது கடனோடு சேர்த்து எடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. ஹரிக்கேன் பருவம் ஜூன் 1-இல் தொடங்கி நவம்பர் 30 வரை. அப்படியானால் ஏப்ரலிலேயே எடுத்துவிட வேண்டும். புயல் மெக்சிகோ வளைகுடாவுக்குள் வந்தபின் ஏஜென்டுக்குப் போன் போட்டுப் பயனில்லை. காருக்கும் அப்படித்தான். 'காம்ப்ரிஹென்சிவ்' வகைக் காப்பீடு இருந்தால்தான் வெள்ளச் சேதம் கிடைக்கும், புயல் நெருங்கிவிட்டால் புதிதாகச் சேர்க்க விடமாட்டார்கள்.

அன்றே இன்னொன்றும் செய்யுங்கள். போனைக் கையில் எடுத்து வீடு முழுக்க நடந்து ஒரு வீடியோ. அலமாரிகளைத் திறந்து, ஃப்ரிட்ஜ், வாஷர், டிவியின் சீரியல் எண் தெரிய எடுத்து, கிளவுடில் ஏற்றுங்கள். பத்து நிமிட வேலை.

புயல் வளைகுடாவுக்குள் வந்ததும்

தண்ணீர், டார்ச், பேட்டரி, சமைக்காமல் சாப்பிடும் சாப்பாடு, கையில் கொஞ்சம் ரொக்கம். இந்தப் பட்டியல் எல்லோருக்கும் தெரியும், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர் என்று ஒரு வாரத்துக்கு வையுங்கள். குளியல் தொட்டியில் பிடித்து வைக்கச் சொல்வார்கள். என் வீட்டுத் தொட்டியில் என்ன நடந்தது என்று மேலே படித்தீர்கள். மாடியில் தொட்டி இருந்தால் அதில் பிடியுங்கள். இல்லையென்றால் மூடியுள்ள வாளி, ஐஸ் பெட்டி.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்தால் முதலில் மாத்திரைப் பெட்டியை எண்ணுங்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் குறைந்தது இரண்டு வாரத்துக்கு இருக்கவேண்டும். இன்சுலின் என்றால் மின்சாரம் போனாலும் குளிர்ச்சி நிற்கும் ஐஸ் பெட்டி. இந்திய மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் அதன் மூலப் பெயரையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள், இங்குள்ள மருந்துக்கடைக்காரருக்குப் பிராண்டு பெயர் புரியாது. ஆக்சிஜன், சக்கர நாற்காலி தேவைப்படுகிறவர் வீட்டில் இருந்தால் 211-க்கு அழைத்து மாநிலத்தின் அவசர உதவிப் பதிவேட்டில் பெயர் சேர்க்கலாம். இதைப் பருவம் தொடங்குமுன்பே செய்வது நல்லது.

பாஸ்போர்ட், விசா, குடியேற்றத் துறையின் ஐ-797 அறிவிப்புத் தாள், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், காப்பீட்டு எண்கள்: எல்லாவற்றையும் ஜிப் பையில் போட்டு, அதை இன்னொரு ஜிப் பையில் போட்டு, தோள்பையில் வையுங்கள். லாக்கரில், அதுவும் கீழ்த்தள லாக்கரில் வைக்காதீர்கள். நான்கு முக்கியமான எண்களைத் தாளில் எழுதி வையுங்கள். போன் செத்துவிட்டால் மனைவியின் எண்கூட நமக்கு மனப்பாடமாகத் தெரியாது.

போவதா, இருப்பதா?

2005 செப்டம்பரில் ரீட்டா புயல் வந்தபோது, கத்ரீனா புயல் நடந்து ஒரு மாதம்கூட ஆகாத பயத்தில், 25 லட்சம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் சாலையில் இறங்கினார்கள். வெயிலில், பெட்ரோல் தீர்ந்த கார்களில், மணிக்கணக்கில் நின்றார்கள். அந்த வெளியேற்றத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஹார்வியின்போது நகரம் முழுவதையும் வெளியேறச் சொல்லாததற்கு அந்த நினைவு ஒரு காரணம்.

என் கணக்கு இதுதான். கடல்நீர் ஏறும் வெளியேற்ற மண்டலத்தில், அதாவது உங்கள் ஜிப் கோடுக்கு உத்தரவு வந்தால், கேள்வி கேட்காமல் முதல் நாளே கிளம்புங்கள். கடைசி நாள் கூட்டத்தில் மாட்டாதீர்கள். அந்த மண்டலத்தில் இல்லை, ஆனால் வீடு தாழ்வானது, ஒரே தளம், இதற்குமுன் நனைந்தது என்றால் டாலஸ் வரை ஓடவேண்டாம். நகரத்துக்குள்ளேயே உயரமான இடத்தில், இரண்டாம் மாடியில் இருக்கும் நண்பர் வீட்டுக்கு மழை தொடங்குமுன் போய்விடுங்கள். "அவர்களுக்குச் சிரமம்" என்று கூச்சப்பட்டு நாங்கள் போகவில்லை. பிறகு படகில் போனோம்.

இரண்டையும் செய்ய முடியாது. மழை கொட்டத் தொடங்கியபின் மனத்தை மாற்றிக்கொண்டு காரில் கிளம்புவதுதான் மிக மோசமான முடிவு. வெள்ளச் சாவுகளில் பெரும்பங்கு காருக்குள் நடக்கிறது. ஆறு அங்குலம் ஓடும் தண்ணீர் ஒரு ஆளைச் சாய்த்துவிடும். ஓர் அடி சிறிய காரை இழுத்துப் போகும், இரண்டு அடி எஸ்யூவியையும். ஃப்ரீவே அண்டர்பாஸ்களில் இருட்டில் ஆழம் தெரியாது, கறுப்புத் தார் மாதிரியே இருக்கும். தடுப்பு வைத்திருந்தால் சுற்றிக்கொண்டு போகாதீர்கள்.

காரை முன்கூட்டியே ஏதாவது பார்க்கிங் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் விட்டுவிடுங்கள். அடித்தளப் பார்க்கிங் கூடவே கூடாது. ஆலிசனில் ஒரு பெண், அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்துக்கு லிஃப்டில் இறங்கியபோது மூழ்கி இறந்தார். மழை நாளில் லிஃப்டே வேண்டாம்.

தண்ணீர் ஏறும் இரவு

தூங்குவதென்றால் முறை வைத்துத் தூங்குங்கள். ஒருவர் விழித்திருக்கவேண்டும். ஹாரிஸ் கவுண்டியின் வெள்ள எச்சரிக்கை இணையதளத்தில் பயூக்களின் அளவுமானிகள் இருக்கின்றன. உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள மானியின் பெயரை முன்பே தெரிந்து வையுங்கள். கரை மட்டம் எவ்வளவு, இப்போது எவ்வளவு, ஒரு மணி நேரத்தில் எத்தனை அடி ஏறியது: இந்த மூன்றும் போதும். இணையம் போய்விட்டால் வாசலில் ஒரு குச்சியை நட்டு டேப்பில் கோடு போட்டுப் பாருங்கள். நாங்கள் தபால் பெட்டியின் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

'வாட்ச்' என்றால் வரக்கூடும், 'வார்னிங்' என்றால் வந்துவிட்டது அல்லது உடனே வரும். 'ஃப்ளாஷ் ஃப்ளட் எமர்ஜென்சி' என்று போன் அலறினால் உயிருக்கே ஆபத்து என்ற பொருள். அதை அரிதாகத்தான் விடுவார்கள்.

கழிப்பறை கொடகொடவென்று சத்தம் போட ஆரம்பித்தால் கழிவுக்குழாய் நிரம்பிவிட்டது. இனி ஃப்ளஷ் செய்யாதீர்கள். தண்ணீர் தெருவைத் தாண்டிப் புல்வெளிக்கு ஏறியதும், வீட்டுக்குள் வருவதற்கு முன்பே, மெயின் பிரேக்கரை அணையுங்கள். காலடியில் தண்ணீர் வந்தபிறகு பிரேக்கர் பெட்டியைத் தொடக்கூடாது. பெரும்பாலான வீடுகளில் அது வெளிச்சுவரிலோ கேரேஜிலோ இருப்பதால், தாமதித்தால் தண்ணீருக்குள் நின்றுதான் தொடவேண்டிவரும். எரிவாயு வாசனை வந்தாலன்றி கேஸ் வால்வைத் தொடாதீர்கள். மூடினால் நிறுவன ஆள் வந்துதான் திறக்கவேண்டும்.

பொருட்களை ஏற்றும்போது வரிசை முக்கியம். விலை உயர்ந்தது முதலில் என்று மனது சொல்லும். திரும்ப வாங்க முடியாதது முதலில்: ஆவணம், மருந்து, ஹார்ட் டிஸ்க், தாத்தா பாட்டி படம். சோபாவைத் தூக்கி முதுகைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

மாடி இருந்தால் மாடிக்கு. ஒரே தளமாக இருந்து தண்ணீர் ஏறிக்கொண்டே போனால், வெளியே வர வழியில்லாத அட்டிக்குக்குள், அதாவது கூரைக்கு அடியிலுள்ள பரணுக்குள், அடைந்துகொள்ளக் கூடாது. நியூ ஆர்லியன்ஸில் கத்ரீனாவின்போது அப்படி மாட்டியவர்கள் உண்டு. கூரைதான் கடைசி இடம். அட்டிக் வழியாகத்தான் கூரைக்குப் போகமுடியும் என்றால் கோடரியைக் கையோடு எடுத்துப் போங்கள். 911 கிடைக்காவிட்டாலும் விடாமல் முயலுங்கள். ஜன்னலில் வெள்ளைத் துண்டைக் கட்டித் தொங்கவிடுங்கள், படகுக்காரர்களுக்கு அது தெரியும்.

அந்தத் தண்ணீர் மழைத்தண்ணீர் இல்லை. சாக்கடை, பெட்ரோல், செத்த பிராணி எல்லாம் கலந்தது. அதில் மிதக்கும் செங்கல் நிறப் பாய் போன்ற ஒன்றைப் பார்த்தால் விலகிப் போங்கள். அது நெருப்பெறும்புக் கூட்டம். ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மிதந்து வரும், எதில் முட்டினாலும் ஏறிவிடும். என் மகன் அதை ஏதோ தேங்காய் நார் என்று நினைத்துக் கை நீட்டினான்.

வடிந்த பிறகு: முதல் 48 மணி நேரம்

ஈரம் ஒன்றிரண்டு நாள் நின்றால் பூஞ்சை பிடிக்கும். ஹூஸ்டன் ஆகஸ்ட் புழுக்கத்தில் அது இன்னும் வேகம். சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு அட்ஜஸ்டர் வரட்டும் என்று ஈரச் சுவரோடு காத்திருக்காதீர்கள், அப்படிக் காத்திருக்கச் சொல்லும் விதி எதுவும் இல்லை. படம் எடுத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

உள்ளே போகுமுன் மின்சாரம் அணைந்திருப்பதை உறுதி செய்யுங்கள். ரப்பர் பூட்ஸ், கையுறை, என்95 முகமூடி. காலில் ஒரு சின்ன வெட்டு இருந்தால்கூடத் தண்ணீரில் இறங்காதீர்கள். வெட்டுப்பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, சிவந்து வீங்கினால் அன்றே மருத்துவரிடம். டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாள் ஆயிற்று என்று பாருங்கள்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள்: வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, வெளியே. கேரேஜ் கதவைத் திறந்து வைத்து உள்ளே ஓட்டினாலும் கார்பன் மோனாக்சைடு கொல்லும். மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் இருந்தால் அந்த ஒரு சாவித் திருப்பலில் அது முடிந்துவிடும்.

முதலில் படம். ஒவ்வொரு அறையிலும் தண்ணீர்க்கோடு தெரிய, பக்கத்தில் அளவு டேப் வைத்து எடுங்கள். பிறகு கார்ப்பெட்டையும் அடியிலுள்ள பேடையும் கீற்றுக் கீற்றாக வெட்டிச் சுருட்டி வெளியே. முழுதாக இழுத்தால் நனைந்த கார்ப்பெட்டை நான்கு பேராலும் தூக்க முடியாது. ஒவ்வொன்றிலும் ஒரு கையளவு துண்டை வெட்டிப் பையில் போட்டு வையுங்கள், அட்ஜஸ்டர் தரம் பார்க்கக் கேட்பார்.

அடுத்து ஷீட்ராக், அதாவது சுவரில் அடித்திருக்கும் ஜிப்சம் பலகை. தண்ணீர் ஓர் அடிதான் நின்றது என்றாலும் அந்தச் சுவர் திரி மாதிரி ஈரத்தை மேலே இழுக்கும். பெரும்பாலும் பலகைகளைப் படுக்கை வசத்தில் நான்கடி அகலத்துக்கு அடித்திருப்பார்கள். எனவே நான்கடியில் வெட்டினால் திரும்பப் பொருத்துவது எளிது. முதலில் அடியிலுள்ள பேஸ்போர்டைப் பெயர்த்து, சாக்பீஸ் பொடி தடவிய நூலால் கோடு அடித்து, கத்தியால் கீறி, சுத்தியலால் ஓர் இடத்தில் தட்டினால் பெரிய பெரிய துண்டாக வரும். ரம்பம் போட்டு ஆழமாக அறுக்காதீர்கள், உள்ளே வயரும் குழாயும் ஓடுகின்றன. பஞ்சு மாதிரியான இன்சுலேஷன் முழுக்க வெளியே. உள்ளே மரச்சட்டங்கள் தெரியும். அவற்றைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, ஃபேனும் டீஹ்யூமிடிஃபையரும் ஓடவிடுங்கள். ஈரமானியில் மரம் 15 சதவீதத்துக்குக் கீழ் இறங்கும்வரை சுவரை மூடக்கூடாது. எங்களுக்கு ஐந்து வாரம் ஆயிற்று. அவசரப்பட்டு மூடிய ஒரு நண்பர் தீபாவளிக்குள் மறுபடி உடைத்தார்.

மின்சாரம் இல்லாத ஃப்ரிட்ஜில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்த பால், கறி, சமைத்த சாப்பாடு போகட்டும். நிரம்பிய ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம் தாங்கும். தண்ணீரைக் காய்ச்சச் சொல்லி அறிவிப்பு வந்தால் நன்கு கொதித்தபின் ஒரு நிமிடம். காய்ச்ச வழியில்லையென்றால் வாசனை சேர்க்காத 6 சதவீத பிளீச், கேலனுக்கு 8 சொட்டு, கலக்கி 30 நிமிடம்.

பணமும் தாளும்

வெள்ளக் காப்பீடு இருந்தால் அன்றே அழையுங்கள். நஷ்டத்தை உறுதிசெய்து கையெழுத்திட்ட 'ப்ரூஃப் ஆஃப் லாஸ்' 60 நாளுக்குள் போகவேண்டும். எல்லா ரசீதும் சேருங்கள். புயலுக்குமுன் வாங்கிய மணல் மூட்டைக்கும், பொருளை வேறிடத்துக்கு மாற்றிய செலவுக்கும் அந்தப் பாலிசி தலா 1,000 டாலர் வரை தரும். கேட்காதவர்களே அதிகம்.

ஃபீமா உதவிக்கு 1-800-621-3362. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லலாம். ரொக்க உதவி குடிமக்களுக்கும், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், அகதிகள் போன்ற தகுதி பெற்ற குடியேறிகளுக்கும்தான். எச்-1பி, எல்-1, எஃப்-1 விசாவில் இருப்பவருக்கு நேரடியாகக் கிடையாது. ஆனால் வீட்டில் இங்கே பிறந்த 18 வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், அந்தக் குழந்தைக்காகப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். குழந்தையின் சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும். முகாமில் இடம், சாப்பாடு, தண்ணீர் பெற விசா நிலை தடையல்ல. 'தகுதியில்லை' என்று முதல் கடிதம் வந்தால் அதோடு விடாதீர்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு தாள் குறைந்திருக்கும், காப்பீட்டு நிறுவனத்தின் பதில் கடிதமாகக்கூட இருக்கலாம். 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

வீட்டு வாசலில் வந்து நிற்கும் ஒப்பந்தக்காரர்களில் பாதிப் பேரின் லாரியில் வேற்று மாநில எண் பலகை இருக்கும். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள், வேலை முடிய முடியக் கொடுங்கள். ஃபீமா ஆள் என்று சொல்லிப் பணம் கேட்டால் அவர் ஃபீமா ஆள் இல்லை.

விசாவில் இருப்பவர்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும், வீடு நனைந்து வேறு முகவரிக்கு மாறினால் 10 நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தை ஆன்லைனில் நிரப்பவேண்டும். அந்த அலைச்சலில் இது யாருக்கும் நினைவு வராது. குழந்தைகளின் பள்ளிக்கும் முகவரி சொல்லுங்கள், இடம் மாறினாலும் பழைய பள்ளியிலேயே தொடர வழி உண்டு.

சுவரை மூடும் நாளில் ஒரு வேலை பாக்கி இருக்கும். தண்ணீர் நின்ற உயரத்தை மரச்சட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, படம் எடுத்து வையுங்கள். டெக்சஸில் வீட்டை விற்கும்போது வெள்ளம் புகுந்ததைச் சொல்லியாக வேண்டும், அப்போது அந்தப் படம் தேவைப்படும். எங்கள் கோடு பதினான்கு அங்குலத்தில் இருக்கிறது, கேரேஜில் வாட்டர் ஹீட்டருக்குப் பின்னால். புது ஹீட்டரைப் பதினெட்டு அங்குல மேடை மேல் ஏற்றச் சொன்னேன். பிளம்பர் எதற்கு என்று கேட்டார், கோட்டைக் காட்டினேன்.